எட்டாவது குறை

“ஃபாரத்தை நீல மையில எழுதியிருக்கீங்க. கறுப்புல எழுதிட்டு அடுத்த மாசம் வாங்கம்மா.”

பதிவு அலுவலக கிளார்க் ஃபைலை மூடினார்.

தையல்கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஏழாவது குறை. ஏழு மாதத்தில் ஏழு நடை. போட்டோ சின்னது, முகவரியில் ஒரு புள்ளி அதிகம், சாட்சி கையெழுத்து கோணல் என்று தடவைக்கு ஒன்று. ஒவ்வொரு நடைக்கும் இவள் கடையைப் பூட்ட வேண்டும், இவளோடு வாழும் பஸ் கண்டக்டர் வேலைக்கு லீவு போட வேண்டும்.

கண்டக்டர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது, “நீங்க அவங்களுக்கு யாரு?” என்று கேட்டு இவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவள் ராத்திரி முழுக்க வெளியில் கிடந்தாள். அதற்காகத்தான் இந்தக் கல்யாண மனு.

பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளச் சட்டம் இன்னும் வரவில்லை. வரும், வராது என்று டி.வி.யில் தினமும் அடித்துக்கொள்கிறார்கள். எதற்கும் போட்டு வையுங்கள் என்று வக்கீல் சொன்னதில் போட்டது.

பக்கத்து சீட்டுக்காரர், இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்டார். கிளார்க்கும் சேர்ந்து சிரித்தார்.

“விடுடி, அடுத்த மாசம் வரலாம்,” என்றாள் கண்டக்டர்.

இவள் விடவில்லை. புது ஃபாரம் வாங்கினாள். யாரிடமோ கறுப்புப் பேனா கேட்டு வாங்கி, நின்றபடியே முழுக்க எழுதி நீட்டினாள்.

“இப்ப என்ன குறை சார்?”

கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

“இன்னிக்கே மேல அனுப்பணுமாம்மா? அவசரம் வேணாமே.”

“மனுஷங்களா நாங்க, இல்ல உதைச்சு விளையாடுற பந்தா? வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்.”

ஃபாரத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அதிகாரி அறைக்குள் நுழைந்தாள். கண்டக்டர் பின்னாலேயே போனாள். ஏழு மாத அலைச்சலையும் தையல்கடைக்காரி ஒன்றுவிடாமல் கொட்டி, அந்தக் கிளார்க்கைப் பற்றிப் புகாரே எழுதித் தருவதாகச் சொன்னாள்.

அதிகாரியம்மா முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஃபாரத்தைத் தொடவில்லை.

“குறை இருக்கிற மனு அவர்கிட்டயே கிடக்கும். குறையில்லாம என் மேஜைக்கு வந்தா, இன்னிக்கு இருக்கிற சட்டப்படி நான் தள்ளுபடின்னு எழுதியாகணும். ஒரு தடவை எழுதிட்டா, நாளைக்குச் சட்டமே வந்தாலும் நீங்க ரெண்டு பேரும் மறுபடி மனு போட முடியாது.”

தையல்கடைக்காரி நீட்டிய ஃபாரத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“குறை ஏதாவது இருக்கான்னு வெளியில போய் நல்லாப் பார்த்துக்கோங்க,” என்றார் அதிகாரியம்மா.

வராந்தாவில் தையல்கடைக்காரி அப்படியே நின்றாள். கண்டக்டர்தான் அவள் கையிலிருந்து ஃபாரத்தை வாங்கினாள். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல்கள். மூலை பிசிறில்லாமல் வந்தது.

தையல்கடைக்காரி அதைக் கிளார்க் மேஜையில் வைத்தாள்.

“சார்... கிழிஞ்சுபோச்சு.”

அவர் தலை நிமிரவில்லை.

“கிழிஞ்ச ஃபாரத்தையெல்லாம் மேல அனுப்ப முடியாதும்மா. அடுத்த மாசம் வாங்க.”