வெட்டாத பக்கங்கள்

பேரரசுகள் அழியும். அவை அடித்த காசு அழியாது.

மாவட்ட நாணயவியல் ஆய்வுப் பேரவையின் பதாகை அப்படித்தான் முழங்கியது. பேரவைக்கு ஒன்பது உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் பஜ்ஜிக்கு வருகிறவர்கள்.

பதாகைக்குப் பின்னால், மண்டபத்துக் கைகழுவும் தொட்டியோரம், பேரவை உறுப்பினரான இரும்புக்கடைக்காரர் ஒரு புத்தகத்தின் தாளைக் குழல்போல் வளைத்து, செல்போன் விளக்கை அடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடைத்துவிட்டது. கடைசியில் கிடைத்தேவிட்டது.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் தொகுத்த தென்னாட்டுச் செப்புக்காசு நூல். அச்சில் இல்லாமல் போய் மூன்று தலைமுறை. கரூர் வட்டாரத்துக்கே ஒரே பிரதி. இன்று காலை வரை அது செயலாளர் தில்லைநாயகத்திடம் இருந்தது.

இருந்தது என்றால், அதை வைத்துத்தான் தில்லைநாயகம் பேரவையை ஆண்டார்.

யார் எந்தக் காசை நீட்டினாலும் கண்ணை மூடிக்கொள்வார். "துரை என்ன சொல்றாருன்னா..." என்று இழுப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இரும்புக்கடைக்காரரின் காளைக் காசுக்கும் அப்படித்தான் தீர்ப்பு வந்தது. அமராவதி ஆற்று மணலில் சலித்தெடுத்தேன் என்று சொன்ன ஒருவனிடம் வாங்கியது. நின்ற காளை. திமிலுக்கு மேல் பிறை.

"துரை புஸ்தகத்துல இப்படி ஒண்ணு இல்லீங்க," என்றார் தில்லைநாயகம். "துரை பாக்காத காசு காசே இல்லீங்க."

அன்றிலிருந்து காளை என்றாலே பேரவையில் சிரிப்பு. பஜ்ஜிக்கு வருகிறவர்களும் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அந்தக் காசை நிலைநாட்டாமல் ஓய்வதில்லை என்று தன் இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து சபதமே செய்திருந்தார்.

பேரவையில் புத்தகத்தை விலைக்கு விற்கக் கூடாது. காசை ஆராய்கிறவர்களுக்குக் காசு என்றால் இழிவு. புத்தகத்துக்குப் புத்தகம்தான். தில்லைநாயகத்துக்கு இவரிடமிருந்த டச்சுக் காசு நூல்மேல் வெகுநாளாக ஒரு கண். அதுவும் அச்சில் இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல் இவர் அதை ஒப்படைத்தார்.

"எடுத்துக்குங்க. எனக்குத் துரை மனப்பாடம்," என்று தில்லைநாயகம் பெருந்தன்மையோடு இதை நீட்டினார்.

பிரித்தால், பக்கங்கள் பிரியவில்லை.

அந்தக் காலத்துப் புத்தகம். பெரிய தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்கள். படிக்கிறவன்தான் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொள்ள வேண்டும்.

முகவுரை வெட்டப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் அச்சகத்தை விட்டு வந்தபடியே இருந்தது.

அவருக்குத் துள்ளிக் குதிக்காத குறை. செயலாளரின் துரை மனப்பாடம் முகவுரையோடு சரி!

"கத்தி இருக்குதுங்ணா, வெட்டித் தரட்டுங்களா?" பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த சமையல்காரர் கேட்டார்.

அவர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

வெட்டுவதா? பழங்காசைப் புளி போட்டுத் துலக்குகிறவனும் கைபடாத புத்தகத்தை வெட்டுகிறவனும் ஒரே சாதி. பாதி மதிப்புப் போய்விடும். நாளைக்கு இதைவிட நல்லதாக ஒன்றுக்கு மாற்ற வேண்டாமா?

அதனால்தான் விளக்கு.

தாள்களின் வெளியோரம்தான் ஒட்டியிருந்தது. மேலும் கீழும் திறப்பு. கீழ்த் திறப்பு வழியாக ஒவ்வொரு மடிப்பாக நுழைந்தார். யானை வந்தது. மீன் வந்தது. மயிலா கோழியா என்று தெரியாத ஒன்று வந்தது. புத்தகம் முடியப்போகிறது. காளையைக் காணோம்.

"என்னுங்க, புஸ்தகத்துக்குக் காதுவலியா?" தட்டோடு வந்த ரிட்டயர்டு தாசில்தார் பொன்னையன் கேட்டார்.

அவர் அடுத்த மடிப்புக்குள் கண்ணை நுழைத்தார்.

ஒரு குளம்பு.

பிறகு வால்.

பிறகு திமில்.

திமிலுக்கு மேல் பிறை.

"இருக்குது! என் காளை இருக்குதுய்யா!"

ஓடினார். ஒன்பது பேருக்கு ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்கினார்.

"இருநூத்திப் பதினொண்ணாம் பக்கம்! துரையே படம் போட்டிருக்காரு! செயலாளரய்யா, என்ன சொல்றீங்க இப்ப?"

புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

எல்லோரும் தில்லைநாயகத்தைப் பார்த்தார்கள். தில்லைநாயகம் ஒட்டிய பக்கங்களைப் பார்த்தார். இல்லை என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் படித்திருக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாமுங்க," என்றார் மெதுவாக. "இப்பத்தான் ஞாபகம் வருது. காளை. பிறையோட. துரை ரொம்பச் சிலாகிச்சு எழுதியிருப்பாரு."

கைதட்டல். வராமல் போன சிறப்பு விருந்தினருக்கு வாங்கிய சால்வை இரும்புக்கடைக்காரர் தோளில் விழுந்தது. காளைக் காசே இனிப் பேரவையின் சின்னம் என்று நின்ற நிலையில் தீர்மானம் போட்டார்கள். தில்லைநாயகம் முன்மொழிந்தார். பொன்னையன் வாயில் பஜ்ஜியோடு வழிமொழிந்தார். பஜ்ஜிக்கு வந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

அவர் மேடை நாற்காலியில் உட்கார்ந்தார். காது ஜிவ்வென்றிருந்தது.

படமெடுக்க ஆளை அழைத்துவரும் வரைகூடப் பொறுக்கவில்லை. துரை அப்படி என்னதான் சிலாகித்திருக்கிறார்? ஒரு வரி தெரிந்தால் போதும்.

சால்வைக்குள் மறைத்து மறுபடி விளக்கை அடித்தார். இந்த முறை மேல் திறப்பு வழியாக.

அத்தியாயத்தின் தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது.

சந்தையில் விற்கும் போலிகள்.