வெங்காயம் பொறுக்குகிறவன்

பார்சலைப் பிரித்ததும் பசை வாசம் குப்பென்று அடித்தது.

லாரி டிரைவர் தான் எழுதிய புத்தகத்தைச் சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். இன்னொரு பிரதி, பதிப்பகத்து எடிட்டர் அம்மாவுக்கு.

அந்த அம்மா டிரைவருடைய முதல் நாவலைப் போட்டு உலுக்கி எடுத்தவர். தாளின் ஓரமெல்லாம் பென்சில் கேள்விகள். காலையில் பஞ்சரான டயர் மத்தியானம் எப்படி ஓடுகிறது? இத்தனை மூட்டையோடு இந்த மேடு ஏறுமா?

வண்டி ஓட்டுறது நானா, நீங்களா என்று டிரைவர் மாடிப்படி அதிரக் கத்துவார்.

அந்த அம்மா டீயை நகர்த்தி வைப்பார். ஓட்டுவது நீங்கள்தான், பின்னால் உட்கார்ந்து வருகிறவன் உயிரும் முக்கியம் என்பார்.

அப்படி அடித்துப் பிடித்து வந்த புத்தகத்தில் ஒரு ஓட்டை சொல்ல ஆள் இல்லை.

அந்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாவது நாவலுக்கு வரிசையில் நிற்கச் சொன்னது பதிப்பகம். உங்கள் பென்சிலே இல்லாமல் போட்டுக் காட்டுகிறேன் என்று அந்த அம்மாவிடம் வீராப்பு பேசிவிட்டு, தானே டைப் அடித்து, தானே அட்டை போட்டு, கேட்கிறவர்களுக்கு அச்சடித்து அனுப்பும் இணையதளத்தில் தானே ஏற்றினார். எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

லோடு இல்லாத வண்டி மாதிரி கடகடவென்று போனது வேலை. அந்தச் சத்தம்தான் என்னவோ அவருக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கடைசிப் பக்கங்களுக்கு வந்த மனைவி தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, பாலத்துல செத்துப்போன கிளீனர் பையன் இங்க வந்து சாப்பிட உக்காந்திருக்கானே?"

டிரைவர் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

உட்கார்ந்துதான் இருந்தான். பாதிப் புத்தகத்தில் செத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனவன், ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லோர் நடுவிலும் சம்மணம் போட்டு, வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் வேறு கேட்டான்.

டிரைவருக்குக் காது சுட்டது. அந்த அம்மா முதல் வாசிப்பிலேயே வட்டம் போட்டிருப்பார். இப்போது அவர் கையில் இது கிடைத்தால் மானம் கப்பலேறும்.

"ஒரே ஒரு பாராதான். எடுத்துட்டு மறுபடி ஏத்திட்டா, இனிமே அடிக்கிறதெல்லாம் சரியா வந்துடும்."

கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்தப் பத்தி நீலமாகியது. அழிக்க வேண்டியதுதான் பாக்கி.

மனைவி அதே பக்கத்தை மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் வந்த வரியில் அவள் விரல் நின்றது. நின்றது நின்றதுதான்.

"எடுக்காதீங்க. சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."

டிரைவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வரியைப் பார்த்தார். எழுதியபோது தெரியாதது இப்போதுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டரை மூடினார். அந்த அம்மாவின் பிரதியை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: தெரியும்மா, இருக்கட்டும்.

மனைவி சமையலுக்கு எழுந்து போனாள்.

மகனைப் பாலத்தில் பறிகொடுத்த பிறகும், அவள் வெங்காயத்தைப் பெரிது பெரிதாகத்தான் நறுக்குகிறாள். பொறுக்கி ஒதுக்க வசதியாக இருக்கும்.