பிணவறையில் ஓர் இடம்

"அண்ணே, உள்ள சில்லுன்னு ஒரு ஓரம் மட்டும் கொடுங்க. அப்பாவோடது" என்று பிணவறை வாசலில் மூச்சு வாங்க நின்றார் டிராயிங் மாஸ்டர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பிணவறைக் காவலாளி எத்தனையோ துக்கத்தைப் பார்த்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எப்போது ஆயிற்று என்று விசாரித்தார். இன்று காலையில்தான் என்றார் மாஸ்டர்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"சொல்லி மாளாதுண்ணே. முக்கி முனகி, சொம்பு சொம்பா வெந்நீர் குடிச்சு, ஒருவழியா நல்லபடியா முடிஞ்சுது."

காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடி எங்கே என்று தணிந்த குரலில் கேட்டார். மாஸ்டர் தோள்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். மூடியில் கொட்டை எழுத்தில் 'மலம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் காவலாளி அந்த நிமிஷமே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். மாஸ்டர் அழாத குறையாக விஷயத்தைக் கொட்டினார்.

அவருடைய மனைவி ஆராய்ச்சிக்காரி. மனுஷ மலத்தில் என்னென்ன சத்து, என்னென்ன அமிலம் மிஞ்சுகிறது என்பதுதான் அவளுடைய டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. வெளியே வந்த பிறகும் அதிலிருக்கும் கிருமிகள் சும்மா இருக்காதாம், தின்றுகொண்டே இருக்குமாம். உடனே உறைய வைக்காவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தலைகீழாக மாறிவிடுமாம். இதையெல்லாம் சாப்பிட உட்காரும்போதுதான் அவள் சொல்வாள். மாஸ்டரும் கேட்டுக்கொண்டே இன்னொரு கை சோறு போட்டுக்கொள்வார், பழகிவிட்டது.

இப்படிப்பட்டவளின் ஃப்ரீசர் பிளக்கைத்தான் போன மாதம் மாஸ்டர் பிடுங்கிவிட்டு, தன் போனைச் சார்ஜ் போட்டார். அத்தனையும் உருகிப் பாழ். அவள் திட்டவே இல்லை, ஃப்ரீசரை மட்டும் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் லேபுக்கு மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து அவரை நம்பி ஒரு வேலை சொல்வதில்லை, பால் பொங்குகிறதா என்று பார்க்கக்கூட அவள்தான் எழுந்து போகிறாள். அதுதான் மனுஷனைப் போட்டு அறுத்தது.

மலச்சிக்கலில் மன்னரான மாஸ்டரின் அப்பா இன்று காலை அருள் புரிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழு முன்னால் பேச வேண்டும் என்று மருமகள் அரக்கப் பரக்கக் கிளம்பிப் போனாள். துண்டு காயப் போட பால்கனிக்குப் போன மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உச்சி வெயிலில் டப்பா! பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வேறு தேமே என்று கிடந்தது. அவசரத்தில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவம். போன் போட்டால் அணைத்து வைத்திருந்தாள்.

வீட்டு ஃப்ரிட்ஜை மாஸ்டரின் அம்மா மறித்துக்கொண்டு நின்றார். அது உள்ளே போனால் தான் வெளியே போவதாகச் சொல்லிவிட்டார். ஐஸ்கிரீம் கடைக்காரர் மூடியைப் படித்த கையோடு ஷட்டரை இறக்கினார். மீன் கடைக்காரரோ, தன் கடை பேர் நாறிவிடும் என்றார்.

"இந்தத் தடவையாவது காப்பாத்திக் கொடுத்துட்டா, அவ என்னை மனுஷனா மதிப்பாண்ணே."

காவலாளி டப்பாவையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இவருக்கும் வீட்டில் ஒருத்தி இருந்தாள் போலிருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வைங்க. இங்க படுத்திருக்கவங்க யாரும் புகார் சொல்ல மாட்டாங்க."

சாயங்காலம் மனைவியின் போன் வந்தது. மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்கனியில் தொடங்கி, மீன் கடை வழியாக, பிணவறை வரை ஒன்று விடாமல் சொன்னார். கல்லு மாதிரி உறைந்து கிடக்கிறது, இம்மி கெடவில்லை, இனிமேலாவது தன்னை நம்பலாம் என்று முடித்தார்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா இன்னைக்கு இன்னொரு தடவை போவாராங்க?"

"எதுக்கு? அதான் பத்திரமா இருக்கே."

"உறைய வைக்க வேண்டிய பாதியை நான் காலையிலேயே லேபுக்கு எடுத்துட்டு வந்துட்டேங்க, இந்தப் பாதி வெயில்ல எப்படிக் கெட்டுப்போகுதுன்னு பாக்கத்தான் பால்கனியில வச்சேன்."