அம்மாவின் கண்பதிவு

அம்மா இறந்த பதினாறாம் நாள் அவளுடைய கண்பதிவு எங்கள் கைக்கு வந்தது. அவள் பார்த்ததும் நினைத்ததும் எல்லாம் அதில் இருக்கும். அவள் கண்ணில் நான் எப்படி இருந்தேன் என்று பார்க்க ஆசையாக உட்கார்ந்தேன்.

திரையில் கேஸ் அடுப்பின் குமிழ். அதைத் திருகிப் பார்க்கும் விரல்கள். மறுபடியும் குமிழ்.

“என் பொறந்தநாள் எதையாவது போடுங்கப்பா.”

அப்பா ஐந்தாவது பிறந்தநாளைப் போட்டார். அதே குமிழ். பின்னாலிருந்து என் குரல், “வாம்மா, கேக் வெட்டணும்.” அம்மா திரும்பவில்லை.

“அடுப்பு அணைஞ்சிருக்குன்னு அவளுக்கே தெரியும், வானதி. மனசு விடாது.”

அம்மாவின் நினைப்பு திரையின் அடியில் எழுத்தாக ஓடியது: பாப்பா எரிஞ்சு போயிடுவா. பாப்பா எரிஞ்சு போயிடுவா.

இருபத்திரண்டு பிறந்தநாட்களையும் பார்த்து முடித்தோம். ஒன்றில்கூட என் முகம் இல்லை.