கைக்கு அடங்காத துப்பாக்கி

"இன்னொரு தடவை இழுத்துப் பாரு கண்ணு. உள்ள தோட்டா இல்ல, பயப்படாத. மேல் இரும்பை அழுத்திப் பிடிச்சு வெடுக்குனு பின்னாடி இழு."

வெர்னா சொல்லச் சொல்ல, கெல்சி தன் கணவன் காட்டிய அந்தச் சின்னக் கைத்துப்பாக்கியோடு மல்லுக்கட்டினாள். மேல் இரும்பு பாதி தூரம் வந்தது. பிறகு அவள் விரலிலிருந்து நழுவிப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

"முடியலைங்க" என்றாள்.

"பரவாயில்ல, விடு." அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான் கணவன் டஸ்டின். "இது மூணாவது கடை மேடம். போற இடமெல்லாம் இதே கதைதான்."

அமெரிக்காவின் அந்த டென்னசி ஊரில் துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் வெர்னா கடைதான். மனைவியைக் கூட்டிக்கொண்டு வரும் ஆண்களைக் கண்டால் அவளுக்கு அலுப்பு. ரோஸ் நிறத்தில் பொம்மை மாதிரி ஒன்றைக் காட்டி, 'இதுதான் உனக்குச் சரி' என்பார்கள். சின்னதுதான் இழுக்கவும் கஷ்டம், சுட்டால் கையை உதறவும் செய்யும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? அதனால் ஆளைத் தூண்டில் பக்கம் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவது வெர்னாவின் வழக்கம்.

"தம்பி, அந்தப் பக்கம் புதுத் தூண்டில் வந்திருக்கு. பாத்துட்டு வாங்களேன்."

"வேணாம் மேடம். நான் பக்கத்துல இல்லேன்னா இவளுக்குக் கை நடுங்கும்."

வெர்னாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவளுடைய மறைந்த கணவர், அவளைக் கடையில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்கிற ரகம். கெல்சி கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீ எங்க வேலை பாக்கற கண்ணு?"

கெல்சி வாயைத் திறப்பதற்குள் டஸ்டின் முந்திக்கொண்டான். "ஹைவேல பெட்ரோல் பங்க். நைட் ஷிஃப்ட். போன வாரம் பக்கத்து பங்க்ல ஒருத்தன் கத்தியக் காட்டிப் பணத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டான். அதுலேருந்து இவ வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமே கிடையாது. கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

கெல்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெர்னா கொஞ்சம் பெரிய பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்தாள். "இது வழுக்கிக்கிட்டு வரும். எண்பது வயசுக் கிழவி ஒருத்தி போன மாசம் வாங்கிட்டுப் போனா."

கெல்சி இழுத்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

டஸ்டின் அதை வாங்கித் தன் இடுப்பில் செருகி, சட்டையை அதன்மேல் இழுத்து மூடிக் கண்ணாடியில் பார்த்தான். "வெளிய தெரியல, இல்ல?"

"பொண்ணுங்க கைப்பையில வெச்சுக்கறதும் உண்டு."

"கைப்பையைத்தான் மேடம் மொதல்ல பிடுங்குவாங்க. இடுப்புல இருக்கறதுதான் நல்லது."

விவரமான ஆள்தான். வெர்னா அடுத்து ரிவால்வரை எடுத்தாள். இதில் இழுக்கிற வேலையே இல்லை. விசையை அழுத்தினால் போதும். கெல்சி இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்து அழுத்தினாள். விசை அசையவில்லை. ரிவால்வர்தான் தடாலென்று கண்ணாடி மேஜையில் விழுந்தது.

"ஊறுகாய் பாட்டில் மூடியாவது திறப்பியா கண்ணு?"

"அதுக்கும் நான்தான்" என்று சிரித்தான் டஸ்டின்.

கெல்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் செய்திருக்கக்கூடாது என்று வெர்னாவுக்குச் சுருக்கென்றது. பாவம், பூஞ்சை உடம்பு. ராத்திரி தனியாக நிற்கிறவள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அன்றைக்கு நம் கடைக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போனாளே என்று காலமெல்லாம் உறுத்துமே. எப்படியாவது இவளுக்கு ஏற்றதைக் கொடுத்துதான் அனுப்ப வேண்டும்.

"அந்த ரெண்டாவதையே போட்டுடுங்க மேடம்" என்றான் டஸ்டின். "போகப்போகப் பழகிக்குவா."

"கையாள வராதவங்ககிட்ட துப்பாக்கி இருந்தா, வர்றவன் அதைப் பிடுங்கி அவங்களையே சுட்டுடுவான் தம்பி."

"நான் கத்துக்கொடுத்துக்கறேன். பில்லை இவ பேர்லயே போடுங்க."

வெர்னா யோசித்தாள். இவ்வளவு அக்கறையாக ஒருவன் கூடவே இருக்கும்போது நமக்கென்ன தயக்கம் என்று தோன்றியது. பெட்டியை எடுக்கக் குனிந்தாள்.

வெளியே ஹாரன் அலறியது. சரக்கு லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான். "யாரோட வண்டிங்க இது? வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது."

டஸ்டின் வாசலைப் பார்த்தான், கெல்சியைப் பார்த்தான். "இங்கயே இரு. இதோ வந்துடறேன்."

அவன் வெளியே போய்க் கதவு சாத்திக்கொண்டதும், கெல்சி அந்த முதல் துப்பாக்கியை, கடையிலேயே முரடான அந்தச் சின்னதை, ஒரு கையால் எடுத்தாள். குழல் வாயைத் தரைப் பக்கம் திருப்பி, மேல் இரும்பை மேஜை டிராயர் திறப்பதுபோல் அலட்டிக்கொள்ளாமல் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வெர்னா எடுத்த பெட்டியை அப்படியே கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு நேரம்..."

"பெண்டாட்டி தாடையை உடைச்சு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனுக்கு எந்தக் கடையிலயும் துப்பாக்கி தர மாட்டாங்க, அதான் என் பேர்ல வாங்க வந்திருக்கான்" என்றாள் கெல்சி, வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் உள்ள வந்ததும், எனக்கு இது சுத்தமா வராதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."