சீழணுக்கள்: மிகக் குறைவு

மைக்ரோஸ்கோப்பின் வட்டத்துக்குள் இரண்டு வெள்ளையணுக்கள்தான் இருந்தன.

சிலைட்டை நகர்த்தினேன். அடுத்த இடத்தில் ஒன்று. அதற்கடுத்து எதுவுமில்லை. கிருமிகள் மட்டும் சங்கிலி சங்கிலியாகக் கிடந்தன.

நூறு வெள்ளையணுக்களை எண்ணி, அவற்றில் எத்தனை கிருமியை விழுங்கியிருக்கின்றன என்று எழுத வேண்டும். முழுக்கத் தேடியும் பத்தொன்பதுதான் கிடைத்தன. ஒன்றுகூட எதையும் விழுங்கியிருக்கவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு சிலைட்டுக்குச் சாயம் போட்டேன். அதிலும் அப்படித்தான்.

புண்ணுக்குரியவளின் பெயர் சிவசக்தி, வயது இருபத்தாறு. கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கும்போது தேயிலைக் குச்சி பாதத்தில் ஏறியிருக்கிறது. பெரகலைக்குக் கீழே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான்கு நாளாகப் படுத்திருக்கிறாள்.

ரிப்போர்ட் வாங்க அவள் கணவன் பண்டாரவளையிலுள்ள எங்கள் லேபுக்கு வந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். ஜன்னலிலேயே நின்று படித்தான். முகம் தெளிந்தது.

"சீழ் ரொம்பக் கொறைவுன்னு போட்டிருக்கு சேர், நல்லதுதானே? கையெழுத்துப் போட்டுட்டு இன்னைக்கே லயத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். ஆஸ்பத்திரிச் சோத்துக்கு என்னையில்ல திட்டுறா."

ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி ஜன்னலை மூடுவதுதான் வழக்கம். அவர்களுடைய டொக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.

எழுந்து வெளியே போனேன்.

கிருமியோடு சண்டை போட வரவேண்டிய அணுக்கள் வரவில்லை, வந்தவையும் வேலை செய்யவில்லை, அதனால்தான் சீழ் இல்லை என்றேன். அவன் இன்னும் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"கொறைவுன்னா மோசங்க. லயத்துக்கு வேணாம். இப்பவே பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

போனைக் காதில் வைத்தபடி ஓட்டோவை நோக்கி ஓடினான்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். இன்னும் ஆறு சிலைட் இருந்தன.

என் மனைவி ஜெயந்தினி போன ஐப்பசியில் இறந்தாள். அதற்கு மூன்று நாள் முன்பு அவளுடைய கால் புண்ணின் சிலைட்டைப் பார்த்தவன் நான். அதிலும் இப்படித்தான். அன்று கிருமிகள் என் கண்ணில் படவில்லை. குறைவு என்பது மட்டும் பட்டது.

உடனே வீட்டுக்குப் போன் எடுத்து, இனிப் பயமில்லை என்றேன்.

மறுநாள் அவள் காயக்கட்டைப் பிரித்துவிட்டு, சப்பாத்து மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனாள்.