டர்போவுக்கு வேற ஆள்

மனைவி எவனோடோ ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்டு அவனுக்கு வயிறு எரிந்தது.

“யாருடி அது?”

“மெக்கானிக்குங்க. என் புதுக் காரு இன்னும் வேகமாப் போக டர்போ போடணும்ல? முதல்ல இன்ஜின் தாங்குமான்னு பார்க்கணுமாம். அப்புறம் ஆயில் கூலர். இன்ஜினுக்குள்ள டர்போ தள்ளுற காத்தழுத்தம், அந்த பூஸ்ட்டை அளவாத்தான் வைக்கணுமாம். என்ன பொறுமை அந்த மனுஷனுக்கு!”

“எப்பப் பாரு அவன் புராணம்தான்! என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு?”

“நான் தினம் ஆபீஸ் போகணும், திரும்பி வீட்டுக்கும் வரணும்ங்க.”

“வெளிய தெரிஞ்சா நான் எப்படித் தலைகாட்டுவேன்?”

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கீழே அவனுடைய பட்டறை. ‘டர்போ ஸ்பெஷலிஸ்ட்’ பலகைக்கு அடியில், அவன் ஆசை தீர பூஸ்ட் ஏற்றிய மூன்று கார்கள் இன்ஜின் வெடித்துக் கிடந்தன.

அதில் ஒன்று, அவளுடைய பழைய கார்.